காசளவு

டலூத்தில் ஜனவரி. ஏரி இறுகிக் கிடக்கிறது.
ஷவர் மூலையில் மண்டியிட்டு
டைல்ஸ் இடுக்கில் கறுத்த பூச்சைச் சுரண்டுகிறாள் மார்னா,
பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்கிற பொறுமையோடு.

கத்தி வழுக்கியது.
வெள்ளையில் ஒரு காசளவு பெயர்ந்தது.
உள்ளே ரோஜா நிறம்.

வீட்டை விற்றவர் மூச்சு விடவில்லை.
பதினோரு வருடம் இதற்குப் பொருத்தமாய்
வெள்ளைத் துண்டு, வெள்ளைத் திரை,
சோப்புப்பெட்டி கூட.

ஒட்டுப்போட வாங்கிய குட்டிப் புட்டி
ஜன்னலோரம், மூடி திறக்காமல்.

நகத்தால் இன்னும் கொஞ்சம்.
வெயிலில் கன்றிய தோல்போல்
நீளமாய் உரிந்து வந்தபோது
சிரித்தேவிட்டாள்.

ஓர்வோ துண்டோடு கதவில்:
"நான் எப்போ குளிக்கிறது?"

"அடைச்சபிறகு காய மூணு நாள்."

"இன்னும் அடைக்கவே இல்லையே?"

பதிலில்லை. கிர்ர், கிர்ர்.

துண்டைத் தரையில் விரித்து
முழங்காலிட்டான்.
"அந்த மூலையை எனக்கு விடு."