தரவில் சேர்க்காதது

கருதுகோள் ஏதும் கொண்டுபோகாதே
என்கிறது முறையியல்.
வெறுங்கையோடு போ, கோட்பாடு தரையிலிருந்து எழும்பும்.
போனேன்.
பாசையூர், செவ்வாய்க்கிழமை, பகல் பத்தரை.
வெறுங்கை இல்லை, பச்சை பைல். தலையில் ஹெல்மெட்.
ஸ்கூட்டியை நிறுத்த முதலே
மூன்று வீட்டுக் கதவுகள் சாத்துப்பட்டன.

அதை எழுதவில்லை.
நேர்காணல் இன்னும் தொடங்கவில்லையே.

"லோன் காசுக்கு வரேல்லை அக்கா,
கம்பஸில இருந்து வாறன்."
இந்த வரியை
இருபத்தொரு வாசலில் சொல்லியிருக்கிறேன்.
அதையும் எழுதவில்லை.

எழுதியவை:
வலைக்கு எடுத்த கடன்,
அதை அடைக்க எடுத்த கடன்,
தங்கச்சியின் பெயரில் எடுத்தது,
தங்கச்சிக்கே தெரியாமல் எடுத்தது.
வரி வரியாகக் குறியிட்டேன்.
திருநெல்வேலியில் என் வாடகை அறை,
சீமெந்துத் தரை முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.
ஃபேனைப் போட்டால் கோட்பாடு பறந்துவிடும் என்று
வியர்த்துக்கொண்டு இருந்தேன்.
சமாளித்தல். ஒளித்தல். மாறிக் கட்டுதல்.
ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு, அதை இன்னொன்றோடு ஒப்பிட்டு
நூற்றுப் பன்னிரண்டு குறியீடுகள்
ஒன்பது கூடைக்குள் வந்தன.
ஒன்பதையும் சேர்த்துக் கட்ட
ஒரு கயிறு வரவில்லை.

ஓரத்தில் சிவப்பு மையில் மேற்பார்வையாளர்:
நிரம்பிவிட்டதா?
புதிதாக ஒன்றும் வராதவரை போகவேணும்.
கடைசித் திகதி ஆவணியில்.

பதினெட்டாவது ஆள். பெயரை மாற்றி
எமல்டா என்று வைத்திருக்கிறேன்.
நண்டு உடைத்துக்கொண்டே கதைத்தா.
நடுவில் நிறுத்தினா, பாதி நண்டு கையில்.
நானும் நிறுத்தினேன், ஏனென்று தெரியாமல்.
ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது,
மெதுவானது,
கோயில் பக்கம் திரும்பிப் போனது.
"பள்சர் இல்லை" என்றா. "அவனுக்குப் பள்சர்."
பிறகு, நண்டைப் பார்த்தபடி:
"செவ்வாய் எண்டால் பிள்ளை,
ஒரு காதைத் தெருவில விட்டிட்டுத்தான்
சோறு வடிக்கிறது."

அன்றிரவு
பழைய பதிவுகளைத் திரும்பப் போட்டேன்.
மூன்றாம் ஆள், பன்னிரண்டாம் நிமிடம்.
தட்டச்சில் நானே போட்ட அடைப்புக்குறி:
(மௌனம், ஏழு செக்கன்).
சத்தத்தைக் கூட்டினால் தூரத்தில் எஞ்சின்.
எட்டாம் ஆள்: செருமல். எஞ்சின்.
பதினோராம் ஆள் மகனிடம் "போய்ப் பார்" என்கிறா.
தலைப்புக்குப் புறம்பு என்று
நான் வெட்டிய இடம் அது.

ஐந்தாவது பதிவு மட்டும்
சட்டைப்பைக்குள்ளேயே தவறுதலாகத் தொடங்கியிருந்தது.
என் ஸ்கூட்டி. ஒரு நாய்.
படலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை:
"அம்மா இல்லையாம்."

இல்லை அல்ல.
இல்லையாம்.
ஒரு முழு அத்தியாயத்தை
அந்த 'ஆம்' தூக்கிக்கொண்டு நிற்கிறது,
நானோ அதை முகமன் என்று தள்ளிவிட்டு
நேராகக் கேள்வி ஒன்றுக்குப் போயிருக்கிறேன்.

ஒன்பது கூடையையும் கொட்டினேன்.
ஃபேனைப் போட்டேன்.
பறந்தது பறக்கட்டும், தரையில் கிடந்தது
தெருவில் விட்ட காது.

அடுத்த செவ்வாய்
ஸ்கூட்டியைச் சந்தியில் விட்டேன்.
ஹெல்மெட்டைக் கழற்றி, பைலை பைக்குள் வைத்து நடந்தேன்.
கதவுகள் திறந்துதான் கிடந்தன.
எழுதினேன்.
கடைசி வீட்டில் மட்டும்
என் செருப்புச் சத்தத்துக்கு
யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

நிரம்பவில்லை, சேர்.