இரண்டு கையெழுத்து

வெஸ்கோட் கவுண்டியில்
மானியம் என்று யாரும் சொல்வதில்லை.
"வரவேண்டியது வந்ததா?" என்பார்கள்,
தொப்பியைக் கழற்றாமல்,
என் முகத்தைப் பார்க்காமல்,
வெளியே நிற்கும் தங்கள் வண்டியைப் பார்த்தபடி.

டயர் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
எங்கள் அலுவலகம்.
பல் மருத்துவர் வியாழன் மட்டும் வருவார்.
நான் பத்தொன்பது வருடமாக
எல்லா நாளும்.

யாருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நகரும்போது
யார் என்ன போடுகிறார் என்று
பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.
விதைத்தால் உண்டு. விலை விழுந்தால் உண்டு.
விதைக்காமல் புல்லுக்கு விட்டாலும் உண்டு,
பத்து வருடம் அந்த மண்
சும்மா கிடப்பதற்குக் கூலி.
சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று
அரசாங்கத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆகப் பெரிய தொகை
சிகாகோவில் முப்பத்தோராம் மாடிக்குப் போகிறது.
அந்த அம்மாள் ஒருமுறை போனில் கேட்டார்:
"என் நிலம் ஊருக்கு எந்தப் பக்கம்?"
வரைபடம் பார்த்துச் சொன்னேன்.
"அழகாக இருக்குமா?"
ஜூனில், என்றேன்.

பண்ணை எண் நானூற்றுப் பன்னிரண்டு.
பென்னர் சகோதரர்கள்.
அப்பா விட்டுப்போன முந்நூற்று இருபது ஏக்கர்,
பாதிக்குப் பாதி.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
ஒரு அறுவடை இயந்திரத்தில் தொடங்கியது என்பார்கள்.
ஒரு பெண் என்பாரும் உண்டு.
நான் கேட்டதில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆர்வின் திங்களன்று வருவார்,
எல்ட்ரெட் புதனன்று.
செவ்வாய்க்கிழமையை
வேலிபோல நடுவில் நட்டுவைத்திருந்தார்கள்.
ஒரே தாள்.
ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள்.
அந்த இரண்டு பெயரும் இன்னும்
சேர்ந்திருக்கும் இடம் அது ஒன்றுதான்,
அதுவும் வாஷிங்டன் கேட்பதால்.

இந்த வருடம் மழை மே மாதத்தோடு கைவிட்டது.
கோதுமை முழங்காலுக்கு எட்டவில்லை.
தொகை பெரிது, அதாவது நஷ்டம் பெரிது.
திங்களன்று ஆர்வின் வந்துபோனார்.
புதன் போனது.
வெள்ளி ஐந்து மணிக்குக் கெடு.

நான்கு நாற்பதுக்கு எல்ட்ரெட்.
பூட்ஸில் சேறில்லை, தூசிதான்.
பேனாவை எடுத்தவர் தாளில் வைக்கவில்லை.
மேல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.
அண்ணனின் எழுத்துகள் உதறியிருந்தன.
கடைசி எழுத்தின் வால் கோட்டைவிட்டு இறங்கி
இவருடைய இடத்துக்குள் வந்து விழுந்திருந்தது.

"எப்போதிலிருந்து?"
எது என்று நான் கேட்கவில்லை.
"போன வருடம் லேசாக."
"டிராக்டர் ஓட்டுகிறானா?"

அந்தத் தகவல் எங்களிடம் இல்லை என்றேன்.
அலுவலகத்தில் சொல்லவேண்டிய பதில் அது.
பிறகு ஸ்டேப்ளரை நேராக வைத்தபடி,
"திங்களன்று மனைவிதான்
வண்டியை ஓட்டிவந்தார்" என்றேன்.

கையெழுத்திட்டார்,
வால் விழுந்த இடத்தை ஒட்டி,
அதை மிதித்துவிடாமல்.
நகல் வேண்டுமா என்றேன்.
எப்போதும் வேண்டாம் என்பவர்
வாங்கி, நான்காக மடித்து,
சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

வண்டி கிளம்ப வெகுநேரம் ஆனது.
வடக்கே திரும்பினால் அவர் வீடு.
எந்தப் பக்கம் திரும்பியது என்று
நான் பார்க்கவில்லை.
மணி ஐந்து. முத்திரை குத்த வேண்டியிருந்தது.