ஒன்றும் வளரவில்லை

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இருபத்தாறு வருடமாக ஆப்பம் சுடுகிறேன்.
மாவு பொங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும்.
சிரிக்காதீர்கள், கேட்கும்.
மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன்
இன்றைக்குக் கள் நல்ல கள்,
இன்றைக்குப் பாறசாலைக்காரன்
தண்ணீர் கலந்திருக்கிறான்.

வலது கால் முட்டு மாற்றிப் பதினாலாம் மாதம்,
இடவப்பாதி மழை பிடித்த வாரம்
முட்டு சூடாக இருந்தது.
அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.
அடுப்பை அணைத்த பிறகும் சூடாக இருந்தது.

மார்த்தாண்டத்தில் மாத்திரை, குழித்துறையில் ஊசி,
திரும்பவும் மாத்திரை,
பாதி மஞ்சள் பாதி சிவப்பு.
ஐந்து மாதம்.
நீர் எடுத்துப் பார்த்துக்
கிருமி இல்லை என்றார்கள்.
கிருமி இல்லாத முட்டு
ராத்திரி என்னை எழுப்பி உட்கார வைத்தது.

திருவனந்தபுரத்தில் டாக்டர் ஹரீந்திரன்
ஒரே கேள்விதான் கேட்டார்:
தட்டை எத்தனை நாள் வைத்திருந்தார்கள்?
மூன்று.
சிலது மெதுவாகத்தான் வரும், என்றார்,
பதினாலு நாள் வைப்போம்.

ஒன்பதாம் நாள்
லேபிலிருந்து ஷைனி இறங்கி வந்து
ஃபோனில் படம் காட்டினாள். காட்டக் கூடாதாம்.
வட்டத் தட்டில் வெள்ளைப் பொட்டுகள்,
தயிர் தெறித்தது போல.
பூஞ்சை, சேச்சி.
முதலில் காற்றில் வந்து விழுந்ததோ என்று நினைத்தோம்,
இரண்டாவது எடுத்ததிலும் இதேதான்.
என்ன மணம் என்று கேட்டேன்.
மூடியைத் திறந்து மணக்கக் கூடாது என்றாள்.
கொஞ்சம் கழித்து, தயங்கி,
ஆப்ப மாவு மாதிரி.

என் கையிலிருந்து போனதா, டாக்டர்?
இல்லை, இது வேறு இனம்,
எல்லார் வாயிலும் வயிற்றிலும் சும்மா கிடப்பது.
உங்கள் சர்க்கரையும் அந்த ஐந்து மாத மாத்திரையும்
வழி விட்டிருக்கலாம்,
நிச்சயமாகச் சொல்ல முடியாது.
சொல்ல முடியாது என்றதால்தான் அவரை நம்பினேன்.

உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் விடாதாம்.
வழுவழுவென்று ஒரு போர்வை நெய்து
அதற்குள் படுத்துக்கொள்ளும்,
மருந்து மேலோடு போய்விடும்.
குளத்துப் படியின் பாசி எனக்குத் தெரியாதா.
கழுவினால் போதாது, கழற்ற வேண்டும்.

கழற்றினார்கள்.
மூட்டு இருந்த இடத்தில்
பூஞ்சை மருந்து கலந்த சிமெண்ட்.
மயக்கம் தெளிகிற நேரத்தில் கேட்டேனாம்,
பிசைந்தது கையாலா?
நர்ஸ் சிரித்தாள். கையால்தான்,
இறுகும் முன்னே, வேகமாக.
அப்படியென்றால் பதம் தெரிந்தவர்கள்.

ஆறு மாதம் அந்தக் கால் மடங்கவில்லை.
தினம் மாத்திரை, மாதம் ஒரு தடவை ஈரலுக்கு ரத்தம்.
கடையைத் தங்கச்சி மகன் ஜஸ்டஸ் பார்த்தான்,
கள்ளுக்குப் பதில் பாக்கெட் ஈஸ்டு போட்டான்.
வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் வருத்தம்.

கட்டிலில் கிடந்து
பொங்குகிற எல்லாவற்றையும் வெறுத்தேன்,
மாவை, கள்ளை, பழுத்து வெடித்த சக்கையை,
மழைக்குச் சுவரில் பூத்த கறுப்பை.
கொஞ்ச நாள்தான்.
பிறகு வாய் ஆப்பம் கேட்டது.

மருந்தை நிறுத்திச் சில வாரம் விட்டு
மறுபடி நீர் எடுத்தார்கள்.
மறுபடி தட்டு, மறுபடி பதினாலு நாள்.
ஒன்றும் வளராவிட்டால் புது மூட்டு.
வளர்ந்தால் என்ன என்பதை
டாக்டர் சொன்னார், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கீழே ஒருவன் ஆம்புலன்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

இன்று பதினோராம் நாள்.
ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் ஷைனியின் குரல்:
ஒந்நும் வளர்ந்நிட்டில்ல, சேச்சி.
இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

அடுப்படியில் ஜஸ்டஸ் திட்டிக்கொண்டிருந்தான்,
ராத்திரிக் குளிரில் மாவு பொங்கவே இல்லையாம்.
கிடக்கட்டும், என்றேன்,
இன்னும் மூன்று நாள் பொங்காமலே கிடக்கட்டும்.
அவனுக்குப் புரியவில்லை.
பெரியம்மா, வெளியே இருபது பேர் நிற்கிறார்கள் என்றான்.