சத்தம் சேர்த்தது

கண்ணை எந்த உயரத்தில் வைப்பது என்று
தார்த்துவில் ஒரு மாதம் சண்டை.
முழங்கால் மட்டம் என்றால் நாய்க்குட்டி,
முகத்துக்கு நேரே என்றால் போலீஸ்.
இடுப்பளவு போதும் என்றான் காவ்போ,
திருடனின் கைகள் அங்கேதானே இருக்கும்.

சக்கரத்துக்கு ரப்பர் தேர்ந்தெடுத்தது நான்.
பளிங்குத் தரையில்
பூனையாய்ப் போகும் என்று பீற்றிக்கொண்டேன்.

வங்கிக் கட்டடத்தில் முதல் சோதனை இரவு.
வெளியே எஸ்தோனியக் குளிர், மைனஸ் பத்தொன்பது.
2:14க்கு அறிக்கை வந்தது:
அடையாளம் தெரியாத நபர். அமர்ந்த நிலை. அசைவு குறைவு.

படத்தில் ரயீசா.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஈரக் காலுறைகளை ரேடியேட்டரில் காயப்போட்டு
பக்கத்திலேயே வெறும் பாதங்களையும் வைத்திருக்கிறாள்.
சொல்லாமல் வந்த விளக்கு
முகத்தில் முழுசாய் அடிக்கிறது.
எழுந்து நின்று
இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கிறாள்,
ரஷ்ய மொழியில், இரண்டு முறை.

இப்போது சக்கரத்தில்
ஒரு கிறீச்சைச் சேர்த்திருக்கிறேன்.
பத்து மீட்டருக்கு முன்பே கேட்கும்,
காலுறை மாட்டிக்கொள்ள நேரம் இருக்கும்.

திருடனுக்கும் கேட்குமே என்கிறான் காவ்போ.
கேட்கட்டும்.

கோளாறு என்று எழுதுவதா, வசதி என்று எழுதுவதா,
வங்கிக்குப் போகும் கையேட்டில்
அந்தப் பக்கம் மட்டும் இன்னும் காலி.