பதினொரு செம்மறிகள்

முப்பத்தொன்பது டாலர் என்கிறது
பூட்டிக் கிடக்கும் கட்டுரை.
அதுவும் ஒரு நாளைக்கு மட்டும்.
நாரின் நகரத்தில் அந்தப் பணத்துக்கு
ஒரு மூட்டை மாவும் கொஞ்சம் நிலக்கரியும் வரும்.
மறுநாள் யாரும் வந்து
திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

தலைப்பை வெட்டித் தேடலில் ஒட்டுகிறேன்.
பதினேழாவது முடிவில்
எழுதியவரே ஒரு மூலையில் வைத்திருக்கிறார்,
பிழைகளோடு, பக்க எண் இல்லாமல்,
வீட்டு உடுப்போடு வாசலுக்கு வந்தவர் போல.
எனக்கு அது போதும்.

இந்தக் குளிர்காலம் இப்படித்தான் போகிறது.
ஐந்து மணிக்கு நூலகத்தைச் சாத்துகிறார்கள்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
அடுப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில்
நாற்காலி போட்டிருக்கிறேன்.

யார் யாரோ சும்மா எழுதிக் கொடுத்த
புள்ளியியல் மென்பொருள்,
சிவப்பில் திட்டினாலும் காசு கேட்பதில்லை.
பழைய மாவட்ட அறிக்கையில்
நாற்பத்தோராம் பக்கத்து ஓரம்
படமெடுத்தவரின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது.
நகத்தில் மை.
மேற்கோள் பட்டியலில் எங்கே வைப்பது
அந்த விரலை?

நேற்று ஒரு தரவுக் காப்பகம் திறந்தது.
பெயர், மின்னஞ்சல், எதற்காக,
பிறகு ஒரு சின்னக் கட்டம்:
'இதில் உள்ள யாரையும்
அடையாளம் காண முயலமாட்டேன்.'
டிக் செய்தேன்.
யாரைப் போய்த் தேடப்போகிறேன்.

1998, இலையுதிர் காலம், குடும்பக் கணக்கெடுப்பு.
பெயர்களை உருவிவிட்டு
எண்களை மட்டும் காயப்போட்டிருக்கிறார்கள்,
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வரிசைகள்.

தொகுதி அறுபத்துமூன்று.
டிராக்டர் ஓட்டுநர், ஐந்து மாதமாகச் சம்பளமில்லை.
தொலைக்காட்சி ஒன்று, ஓடாது.
தையல் இயந்திரம் இரண்டு.
ஒன்பது வயதில் பெண்பிள்ளைகள்: இரண்டு.
கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

அதில் ஒன்று நான்.
இன்னொன்று ஜீபெக்.

செம்மறி: பதினொன்று.

எங்களிடம் இருந்தது பத்தொன்பது.
பென்சிலோடு ஒருத்தி வருகிறாள்,
எண்ணி எழுதுகிறாள்,
எழுதினால் வரி வரும் என்று பேச்சு.
முந்தின இரவே எட்டு ஆடுகளை
ஸொவெத்பெக்கின் பட்டிக்கு ஓட்டினோம்.
கத்திவிடக்கூடாதென்று
ஒன்றின் வாயை நான் பொத்திப் பிடித்திருந்தேன்.
உள்ளங்கை நனைந்து சூடாக இருந்தது.

அப்பா பதினொன்று என்றார்.
அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்,
கோப்பை நிரம்பிய பிறகும்.
அந்தச் சாம்பல் நிறக் கோட்டுக்காரி
தலை நிமிராமல் எழுதினாள்.

மறுநாள் ஸொவெத்பெக் வீட்டுக் கணக்கு.
அவருடைய ஆறு
எங்கள் பட்டியில் மென்றுகொண்டு நின்றன.

அறுபத்துமூன்றாம் தொகுதியின் சராசரியை
மூன்றாம் அத்தியாயத்தில் போட்டிருக்கிறேன்,
ஒரு தசமத்தோடு.

வரிசையை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனேன்.
கடைசி நிரல், யாரும் பார்க்காத நிரல்:
'பதில்களின் நம்பகம்: நேர்காணலாளர் கருத்து.'
ஒன்று என்றால் நல்லது, மூன்று என்றால் மோசம்.
எங்களுக்கு மூன்று.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
தெரிந்தும்
பதினொன்றைப் பதினொன்றாகவே
கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

பிஷ்கெக்கிலிருந்து நெறியாளர் கேட்கிறார்:
'கால்நடை எண்ணிக்கை குறைத்துச் சொல்லப்பட்டது
என்கிறாயே பெர்மெத், ஆதாரம்?'

ஆதாரத்தைச் சொன்னால்
கட்டத்தில் போட்ட டிக் பொய்யாகிவிடும்.
நான் முயலவில்லை, ஐயா.
ஆடுகள்தான் தாமாக வந்தன.

இரவு ஜீபெக்குக்கு எழுதினேன்.
கஸானில் ரொட்டித் தொழிற்சாலையில்
இரவுப் பணி அவளுக்கு.
'அந்த வருடம் நம்மிடம்
எத்தனை ஆடு இருந்தது, நினைவிருக்கிறதா?'

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
அடுப்பில் நிலக்கரி ஒருமுறை சரிந்தது.

விடியும்போது வந்த பதில்:
'யார் கேட்கிறார்கள்?'