வெற்று வண்டியின் எடை

புவா-ரூழ் கரும்பாலை வாசலில்
எடைமேடை என் வேலை.
ஏறும்போது ஒரு கணக்கு,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று.
அதிலிருந்து இதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் கரும்பு.
கழிக்கத் தெரிந்தவள் என்பதால்
கமிட்டிப் பொருளாளர் பதவியை
என் தலையில் கட்டினார்கள்.

சேந்தாந்த்ரேயில் நாங்கள் ஏழு பேர்.
பாரிஸில் எங்கள் வேட்பாளர் ஒருத்தி.
இடையில் பதினோரு மணி நேர விமானம்.
ஜனாதிபதி நாற்காலி அப்புறம்,
முதலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே
ஐந்து பேரை அவள் ஜெயித்தாக வேண்டும்.
அதற்குத்தான் இந்தச் சமூசா.

ஆறு சமூசா மூன்று யூரோ.
செப்டம்பரிலிருந்து ஞாயிறு தவறாமல்,
மழைக்கு ஒருமுறை
சவப்பெட்டிக் கடைக்காரரின் தாழ்வாரத்தில்கூட.
ரோஸ்-மே மார்தாய் மிளகாய் அள்ளிப் போடுவாள்,
தண்ணீர் பாட்டிலும் விற்கட்டும் என்று.
ழெரார் காதிவேல்
பென்ஷனிலிருந்து பத்து யூரோ தந்துவிட்டு
ரசீதை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்:
"கதிர்வேலைக் காதிவேல் ஆக்கிய குமாஸ்தா
செத்து நூறு வருஷமாச்சு.
நீயாவது பார்த்து எழுது."
எழுதினேன்.
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு யூரோ, நாற்பது சென்ட்.
ஒவ்வொரு சென்ட்டுக்கும் என் நோட்டில் ஒரு முகம் உண்டு.

பிறகு பாரிஸிலிருந்து போன்.
யானிஸ் லல்மான் நம் பக்கம்!
இந்த ஊரில் பிறந்த கால்,
அங்கே கோடிகளில் விலைபோன கால்,
சனிக்கிழமை மேடை ஏறுகிறது.
மேடை வாடகை, ஒலிபெருக்கி, தடுப்புக் கம்பி
எல்லாம் உள்ளூர்க் கமிட்டி பொறுப்பு.
ஆயிரத்து நூறு.

வந்தான். வந்தது ஊர்.
இரண்டாயிரம் பேர் என்றது போலீஸ்.
வேட்பாளர் பெயரை இரண்டு முறை சொன்னான்,
ஒருமுறை சரியாக.
செல்ஃபி வரிசையில் இடம் போய்விடும் என்று
சமூசாப் பக்கம் ஒருவரும் வரவில்லை.
ஆறிப்போனதை நாங்கள் ஏழு பேர் தின்றோம்.
மிளகாய் உண்மையிலேயே அதிகம்.

ஞாயிறு, பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு.
ஓட்டுக்கு இரண்டு யூரோ, கட்சிச் செலவுக்கு.
அம்மா வீட்டு விலாசத்தில்
அவன் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது.
கேமராக்களோடு வந்தான்.
கார்டை நீட்டினான்.
சில்லறைதான் வேண்டும் என்றேன்.
தொழிற்சாலைச் சட்டைபோல் புதிதாய் இருந்த பைகளைத் தடவி
குழந்தைபோல் விழித்தான்.
என் பர்ஸிலிருந்து இரண்டு யூரோ போட்டேன்.
கேமரா அப்போது வேறு பக்கம்.

பந்தில் போட்டுப் பழகிய கையெழுத்து,
கீழ்க் கட்டத்திலும் வழிந்தது.
அது லூசெத் லச்சுமனேனின் கட்டம்.
ஆஸ்பத்திரித் தரை துடைத்துவிட்டு வந்தவள்,
மாத்திரைக் குப்பியைக் கவிழ்த்து
பத்துப் பத்து சென்ட்டாய் இருபது காசு எண்ணினாள்.
"என் இடத்தில் யார் இது?"
சொன்னேன்.
"அப்படியா" என்றாள்.
அவன் எழுத்தின் வளையத்துக்குள்
நுணுக்கி நுணுக்கித் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை
வரிசை காத்திருந்தது.

இரவு எண்ணினோம்.
மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.
எங்களுக்கு அறுபத்தொன்று.
பாரிஸில் அவள் மூன்றாவது இடம்,
நன்றி சொல்லி அனுப்பிய செய்தியில்
ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
நோட்டின் கடைசி வரியில் எழுதினேன்:
லல்மான், யானிஸ். கைமாற்று. இரண்டு யூரோ.

திங்கட்கிழமை காலை ஆறு மணி.
'கஷலோ' என்று நாங்கள் கூப்பிடும் திமிங்கல லாரி
முதல் ஆளாய் மேடையில் ஏறியது.
ஓட்டுநர் ஜன்னல் வழியே போனை நீட்டினான்:
அவனும் யானிஸும், கன்னத்தோடு கன்னம்.
"ஓட்டுப் போட்டாயா?"
"இரண்டு யூரோவாமே! இது சும்மா கிடைத்தது."
சிரித்தான். நானும்தான்.
"நேற்று எப்படிப் போச்சு, எத்தனை தேறியது?"

முள் முப்பத்தெட்டு டன்னில் நின்றது.
கொட்டிவிட்டு வா, சொல்கிறேன்.