இரண்டாம் நாள்

எஸ்தோனியாவில் மரத்துக்குப் பெயர் பூ.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை,
அவர்கள் மொழியில் பூ என்றால் மரம்.
தார்த்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில்
லெய்டா முப்பத்தோரு ஆண்டுகள்
முதல் வகுப்பை அந்தச் சொல்லில்தான் தொடங்கினார்.
"இதில் மரம் எங்கே இருக்கிறது?
கிளையா, வேரா, ஓர் இலையாவது?"
மாணவர்கள் கரும்பலகையில் தேடுவார்கள்.
"ஒன்றும் இல்லை. ஒத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.
நாளைக்கே எல்லோரும் சேர்ந்து
நாற்காலியைப் பூ என்றால் நாற்காலிதான் பூ."

எல்லோரும் என்றால் எத்தனை பேர்
என்று ஒருவரும் கேட்டதில்லை.

கணவர் ஹெய்னோ
குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்.
பேச்சில் சிக்கனம்.
மோட்டாரின் முனகலைக் கேட்டே
கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார்.
பிப்ரவரியில் ஒரு காலை, சாக்ஸ் மாட்டும்போது,
மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது.
வலக்கை போனது. சொற்கள் போயின.
போகிற அவசரத்தில் ஒன்றை மட்டும்
எடுத்துப்போக மறந்துவிட்டன:

தெய்சிபேவ்.

செவ்வாய்க்கிழமை.
என் மொழியிலாவது அந்த நாளுக்குள் ஒரு வாய் இருக்கிறது.
அவர்கள் மொழியில் அதுவும் இல்லை,
இரண்டாம் நாள், வெறும் எண்.
ஏன் அது என்று மருத்துவமனையில் யாருக்கும் தெரியவில்லை.
தேநீருக்கும் அதுதான், தோள்வலிக்கும் அதுதான்.
தொலைக்காட்சியை அணை,
அந்தப் பூனை மறுபடி பால்கனிக்கு வந்திருக்கிறது,
என்னை அப்படிப் பார்க்காதே,
எல்லாம் செவ்வாய்க்கிழமை.

முதல் மாதம் லெய்டா அழுதார்.
இரண்டாம் மாதம் ஒரு குறிப்பேடு வாங்கினார்.
தொழில் புத்தி.
முதல் அசை நீண்டால் தண்ணீர்.
கடைசியில் குரல் இறங்கினால் ஜன்னல்.
நடுவில் மூச்சு உடைந்தால் கழிப்பறை, உடனே.
இரண்டு முறை அடுக்கி வந்தால்
கோபம், இல்லாவிட்டால் நன்றி;
கண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.
ஜூனுக்குள் நாற்பத்து மூன்று பதிவுகள்.
நாற்பத்து நான்காவதை எழுதவில்லை.
விளக்கணைத்த பிறகு சொன்னது அது,
தன் பெயராக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்.

செப்டம்பரில் பரிசோதனை.
இளம் மருத்துவர் பிரீத், மடியில் படிவம்.
"இது எந்த ஆண்டு?"
"தெய்சிபேவ்."
ஒரு கோடு.
"எந்த ஊரில் இருக்கிறோம்?"
"தெய்சிபேவ்."
இன்னொரு கோடு.
"இன்று என்ன கிழமை?"
"தெய்சிபேவ்," கடைசியில் குரல் இறங்கியது.

பிரீத் நிமிர்ந்தார்.
அன்று செவ்வாய்க்கிழமை.
முகமெல்லாம் மலர்ந்து சரி என்று குறித்தார்.

"இல்லை," என்றார் லெய்டா.
"அது விடையே இல்லை.
அவருக்குக் குளிர்கிறது. ஜன்னலை மூடச் சொல்கிறார்."

"ஆனால் சொன்னது உண்மைதானே, பேராசிரியரே?"

உண்மைதான்.
சொல் சரி, நாள் சரி,
உலகம் ஓடிவந்து சொல்லோடு பொருந்திக்கொண்டது,
சொன்னவரைக் குளிரில் நிறுத்திவிட்டு.
போன வருடமாக இருந்தால்
இதைத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக
வைத்திருப்பார்.
எழுந்து போய் ஜன்னலை மூடினார்.
"தெய்சிபேவ், தெய்சிபேவ்," என்றார் ஹெய்னோ.
கண்ணைப் பார்த்தார்: நன்றி.
படிவத்தில் அந்த மதிப்பெண் அப்படியே இருக்கிறது.

திரும்பும் பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது
இடக்கையை நீட்டி ஹெய்னோ மறுபடி சொன்னார்.
குறிப்பேட்டில் இல்லாத ராகம்.
ஆறு, படகு, ஒரு காகம்,
சைக்கிளில் ஏணியோடு போகிற ஆள்,
பாலத்தின் துரு, மஞ்சள் ஏறத் தொடங்கிய பூக்கள்
(மரங்களைச் சொல்கிறேன்):
இதில் எது?

லெய்டா அதே சொல்லை
அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்,
முதல் தடவையாக.

ஹெய்னோ அவரைத் திரும்பிப் பார்த்தார்.
தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சிரித்தார்.
முன் இருக்கைக்காரர்கள் திரும்பும் அளவுக்குச் சிரித்தார்.

என்ன சொல்லித் தொலைத்தோம் என்று
லெய்டாவுக்கு இன்றுவரை தெரியாது.